சேலத்து வீடியோ ஊர் தாண்டிப் போக: யூடியூப் முழு வழிகாட்டி

ஏற்காட்டைப் பற்றி யூடியூபில் வீடியோவுக்குப் பஞ்சமே இல்லை. ஏரி, பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், கிளியூர் அருவி. அதே நாலு இடம், அதே ட்ரோன் ஷாட், பின்னால் அதே மாதிரி பாட்டு. இவற்றில் பெரும்பாலானவை சொந்தக்காரர்கள் பார்த்ததோடு நின்றுவிடும். "குப்பனூர் வழியா கார் ஏறுமா?" என்று ஏற்காட்டுக்கான இன்னொரு மலைச்சாலையைப் பற்றிய ஒரே கேள்விக்கு ஃபோனில் எடுத்த ஒரு சாதாரண வீடியோ நேராகப் பதில் சொன்னால், அது மாதக் கணக்கில் ஓடும். சின்ன சேனலை யூடியூபுக்கு இன்னும் தெரியாது. அதை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்ய அதனிடம் போதுமான தகவல் இல்லை. அதனால் முதலில் வருபவர்கள் பெரும்பாலும் தேடி வருபவர்கள்தான். அவர்கள் உட்கார்ந்து பார்த்தால், அவர்களைப் போன்றவர்களின் முகப்புப் பக்கத்துக்கு வீடியோவை யூடியூபே கொண்டுபோகும். இந்த வரிசையில்தான் கீழே உள்ள வேலைகள் அனைத்தும் வருகின்றன.

கேமராவைத் தொடும் முன்: கேள்வியைப் பிடிப்பது

பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து யூடியூபுக்குப் போங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் தேடினால் உங்கள் பழைய பார்வைகளை வைத்தே பரிந்துரை வரும், அது உதவாது. "ஏற்காடு" என்று தட்டி ஒரு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கீழே விழும் பட்டியல் உண்மையான ஆட்கள் தட்டியதிலிருந்து வருவது. பிறகு அ, க, ச, ப, ர என்று ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதையே ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும் ஒரு முறை செய்ய வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களில் நிறையப் பேர் அப்படித்தான் தேடுகிறார்கள். மூன்றாவதாகக் குரல் தேடல். மைக்கைத் தொட்டு, பேசுகிற பேச்சிலேயே கேட்டுப் பாருங்கள். மூன்று பட்டியலிலும் வருகிற கேள்விதான் முதல் வீடியோவுக்கு உரியது.

கூகுள் டிரெண்ட்ஸில் இடத்தைத் தமிழ்நாடு என்றும் தேடல் வகையை யூடியூப் என்றும் மாற்றினால், ஒரு சொல் எந்த மாதத்தில் ஏறுகிறது என்று தெரியும். ஏற்காடு கோடை விழா மே மாதத்தில். அதற்கான வீடியோ மே மாதம் 20-ஆம் தேதி வந்தால் பந்தி முடிந்த பிறகு இலை போட்ட கதைதான். ஏப்ரல் தொடக்கத்திலேயே அது ஏறியிருக்க வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொரு சுரங்கம், மற்றவர்களின் ஏற்காடு வீடியோக்களின் கீழுள்ள கமெண்ட்கள். "பஸ் எத்தனை மணி வரைக்கும் இருக்கு?", "கைக்குழந்தையோட போலாமா?" என்று பதில் கிடைக்காமல் கிடக்கும் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

மலையை விட்டு இறங்கினாலும் இதே கதைதான். இளம்பிள்ளையில் சேலை விற்பவர் "எங்கள் கடைக்கு வாருங்கள்" என்று எடுக்கும் வீடியோவை யாரும் தேடுவதில்லை. "வீட்டிலிருந்தே சேலை வியாபாரம் செய்ய முதலில் எத்தனை சேலை எடுக்க வேண்டும்" என்பதைத் தேடுகிறார்கள். தட்டுவடை செட்டை (இரண்டு தட்டைக்கு நடுவே சட்னி வைத்த சேலத்துத் தின்பண்டம்) தின்று காட்டும் வீடியோ ஆயிரம் இருக்கிறது. அந்தச் சிவப்பு, பச்சைச் சட்னிகளை எந்தப் பதத்தில் அரைத்தால் தட்டை நமத்துப்போகாது என்பதைக் காட்டுபவை அவ்வளவு இல்லை.

கேள்வி கிடைத்ததும் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: யார், எப்போது, எதற்காக இதைத் தட்டுவார்? "சனிக்கிழமை ராத்திரி, மறுநாள் குடும்பத்தோடு ஏற்காடு போக நினைக்கும் நாமக்கல்காரர், எங்கே முதலில் போவது என்று தெரியாமல்." இந்த வாக்கியம் எழுத வரவில்லை என்றால் படமெடுக்கக் கிளம்ப வேண்டாம்.

எடுக்கும்போது

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், சத்தம் மோசமாக இருந்தால் உடனே போய்விடுவார்கள். பகோடா பாயிண்டிலும் லேடீஸ் சீட்டிலும் காற்று ஃபோன் மைக்கில் நேராக அடித்துப் பேச்சை விழுங்கிவிடும். எடிட்டிங்கில் அதை முழுதாகச் சரிசெய்வது கஷ்டம். சட்டையில் மாட்டும் காலர் மைக்கும், அதன்மேல் போடும் முடி வைத்த உறையும் கட்டாயம். வெறும் ஸ்பாஞ்ச் உறை மலைக் காற்றுக்குப் போதாது. உறை இல்லையென்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள், மைக் உங்கள் உடம்பின் மறைவில் இருக்கும். விசைத்தறிக் கூடத்தில் நின்று பேசுவது வீண் வேலை. தறி ஓடும் சத்தத்தைத் தனியாக இருபது நொடி பதிவுசெய்துவிட்டு, பேச்சை வெளியே வந்தோ வீட்டில் ஜன்னலை மூடிக்கொண்டோ பதிந்து மேலே ஒட்டுங்கள்.

ஏசி காரிலிருந்து ஏற்காட்டுப் பனிக்குள் இறங்கியதும் லென்ஸில் ஈரம் படியும். துணியால் துடைத்தால் மறுபடியும் படியும். காரின் குளிருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் போகும் வரை கால் மணி நேரம் விட வேண்டும். கடைசி சில வளைவுகளில் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தால் அந்த நேரம் மிச்சம். சேலத்தில் ஏப்ரல் மத்தியானம் வேறு தொல்லை. வெயிலில் ஃபோன் சூடாகிப் பதிவைத் தானாகவே நிறுத்திவிடும். சார்ஜ் போட்டபடி எடுக்காதீர்கள், தடித்த கவரைக் கழற்றுங்கள், 4கே வேண்டாம், 1080 போதும்.

கடைக்குள் எடுக்கும்போது டியூப்லைட் அலையலையாக மினுங்கினால் காரணம் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பது. கேமரா ஆப்பில் புரோ முறைக்குப் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், மினுங்கல் நின்றுவிடும். சேலைக் கடைக்கு இன்னொரு விஷயம் முக்கியம்: ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கு ஏற்ப கேமரா நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) பூட்டி வையுங்கள். தானியங்கியில் விட்டால் சிவப்புச் சேலையை விரிக்கும்போது ஒரு நிறம், அடுத்து பச்சையை விரிக்கும்போது பின்சுவரே வேறு நிறம். "வீடியோல பார்த்த கலர் வேற, வந்தது வேற" என்ற கமெண்ட் ஒன்று போதும் கடைப் பெயர் கெட. வெள்ளிக் கொலுசு எடுப்பவர்கள் நேர் வெளிச்சத்தைத் தவிர்த்து, விளக்குக்கும் கொலுசுக்கும் நடுவே ஒரு வெள்ளை வேட்டித் துணியைக் கட்டுங்கள். வெளிச்சம் பரவி, குண்டுமணியும் திருகும் தெளிவாகத் தெரியும்.

ட்ரோன் பறக்கவிட ஆசை இருந்தால், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் இடம் பச்சையா மஞ்சளா சிவப்பா என்று முதலில் பாருங்கள். ஓமலூர் பக்கம் விமான நிலையம் இருப்பதை மறக்க வேண்டாம். காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் தனியாருடையவை, கேட்டுவிட்டு நுழையுங்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் மலைவாழ் மக்களின் முகங்களை நெருக்கமாக எடுக்கும்போதும் அப்படித்தான்.

முதல் அரை நிமிடம்

இங்கேதான் பாதி வீடியோக்கள் செத்துப்போகின்றன. வழக்கமான தொடக்கம் உங்களுக்கே தெரியும்: சுழலும் லோகோ எட்டு நொடி, மேகத்துக்குள் ட்ரோன் பத்து நொடி, பிறகு "வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்குப் புதுசா வந்தீங்கன்னா மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணிட்டு, பக்கத்துல இருக்கிற பெல் பட்டனை..." அந்த நாமக்கல்காரர் போய் ரொம்ப நேரமாகிவிட்டது. இன்னும் எதையும் கொடுக்காதவரிடம் யார் சந்தா கட்டுவார்?

அதே வீடியோவை இப்படித் தொடங்கலாம். முதல் படம், மேலிருந்து பார்த்தால் பாம்பு போல வளையும் கொண்டை ஊசி. குரல்: "சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி. காலைல ஏழு மணிக்குக் கிளம்பி, சாயங்காலம் இருட்டறதுக்குள்ள இறங்கணும். அஞ்சு இடம் பார்க்கலாம், ஆனா எல்லாரும் போற வரிசையில போனா மூணுதான் முடியும். வரிசையை மாத்திக் காட்டறேன்." பேசிப் பார்த்தால் பதினைந்து நொடிக்குள் முடியும். தலைப்பு என்ன சொன்னதோ அதை உறுதிசெய்துவிட்டது, கடைசி வரை இருக்க ஒரு காரணத்தையும் கொடுத்துவிட்டது. வணக்கம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் இதற்குப் பிறகு ஒரு சொல்லில் சொல்லுங்கள்.

எந்த மாதத்தில் எடுத்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். கிளியூர் அருவி மழைக்காலத்தில் கொட்டுவதைக் காட்டிவிட்டு மாதத்தைச் சொல்லாமல் விட்டால், ஏப்ரலில் போய் வெறும் பாறையைப் பார்த்தவர் திரும்பி வந்து திட்டுவார். நியாயமான திட்டுதான்.

தலைப்பும் தம்ப்நெயிலும்

தலைப்பு, தம்ப்நெயில் (கிளிக் செய்யும் முன் தெரியும் முகப்புப் படம்) இரண்டையும் படமெடுக்கும் முன்பே யோசித்து வைப்பது நல்லது. தம்ப்நெயிலுக்கான படத்தைத் தனியாக எடுக்கலாம், எடுத்த வீடியோவில் தேடி அலைய வேண்டியதில்லை.

தலைப்புக்கு யூடியூப் கொடுப்பது 100 எழுத்து. தமிழில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். "ஏற்காடு" நம் கண்ணுக்கு நாலு எழுத்து, கணினிக்கு ஏழு. அதனால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஃபோன் திரையிலோ அதற்கும் முன்பே வெட்டுப்படும். தேடும் சொல் முதலிலேயே வர வேண்டும்.

"செம்ம ஜாலி டிரிப் | நண்பர்களுடன் | பாகம் 1 | ஏற்காடு" என்பது வீட்டு ஆல்பத்துக்கு வைக்கும் பெயர். "ஏற்காடு ஒரே நாளில்: எந்த இடம் முதலில்?" என்பதில் தேடும் சொல்லும் இருக்கிறது, கேள்வியும் இருக்கிறது. "பாகம் 1" போடுவது பெரிய தவறு. முதல் பாகத்தைப் பார்க்காதவர் இரண்டாவதைத் தொடமாட்டார், இரண்டாவது தேவைப்படுகிறவர் முதலாவதைத் தொடமாட்டார்.

தம்ப்நெயில் 1280 × 720 பிக்சல், 16:9. சொந்தப் படம் போடும் வசதிக்கும், 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏற்றுவதற்கும் சேனலின் ஃபோன் எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டும். தலைப்பில் உள்ளதையே படத்திலும் எழுதாதீர்கள். தலைப்பு "எந்த இடம் முதலில்?" என்று கேட்டால் படத்தில் "7 மணி" என்று பெரிதாக, பின்னால் பனி மூடிய ஏரி போதும். மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். வலது கீழ் மூலையில் வீடியோ நேரம் உட்காரும், அங்கே எழுத்தை வைத்தால் மறைந்துவிடும். தயாரானதும் ஃபோனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிக் கையை நீட்டிப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் மறுபடியும் செய்யுங்கள்.

இரண்டு படத்தில் எது நல்லது என்று குழப்பமா? கணினியில் யூடியூப் ஸ்டுடியோவை (சேனலை நிர்வகிக்கும் பக்கம்) திறந்தால் "டெஸ்ட் அண்ட் கம்பேர்" வசதியில் மூன்று படம் வரை போட்டுவிடலாம். எந்தப் படம் அதிகப் பார்வை நேரத்தைக் கொண்டுவந்தது என்று யூடியூபே பிரித்துச் சொல்லும். நண்பர்களிடம் வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு நடத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஏற்றும்போது

ஃபைலை 1080-இல், நொடிக்கு 30 ஃபிரேமுக்கு 8 மெகாபிட், 60 ஃபிரேமுக்கு 12 மெகாபிட் அளவில் ஏற்றுமதி செய்யுங்கள். ஒலி அளவு மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் இருக்கட்டும். அதற்கு மேல் சத்தமாக இருந்தால் யூடியூப் குறைத்துவிடும், மெதுவாக இருந்தால் ஏற்றித் தராது. ஏற்றியவுடன் பப்ளிக் ஆக்காதீர்கள். குறைந்த தரம்தான் முதலில் தயாராகும், எச்டி பிறகுதான் வரும். பிரைவேட்டாக ஏற்றி, நேரம் குறித்து வையுங்கள். எந்த நேரம் என்பதற்கு ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸில் (பார்வைக் கணக்கு) ஆடியன்ஸ் பக்கத்தில் உங்கள் பார்வையாளர்கள் யூடியூபில் இருக்கும் நேரம் ஊதா நிறத்தில் தெரியும். அடர்த்தி கூடுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வையுங்கள். புதுச் சேனலில் இந்தப் படமே வராது, கவலை வேண்டாம், தேடி வருபவருக்கு நேரம் முக்கியமில்லை.

டிஸ்கிரிப்ஷனில் 5,000 எழுத்து இடம் உண்டு. முதல் இரண்டு வரிதான் வெளியே தெரியும். அதில் கேள்வியையும் பதிலின் சுருக்கத்தையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். வெறும் இன்ஸ்டாகிராம் இணைப்பை அங்கே கொட்டுவது இடத்தை வீணாக்குவது. அதன் கீழே நேரப் பிரிவுகள்:

0:00 எந்த வழியில் ஏறுவது
1:10 அஸ்தம்பட்டி முதல் அடிவாரம் வரை
2:45 இருபது வளைவுகள்
5:05 ஏரிக்கரையில் காலைச் சாப்பாடு
7:20 பகோடா பாயிண்ட்
9:40 சேர்வராயன் கோயில்
11:30 குப்பனூர் வழியாக இறக்கம்

முதல் வரி 0:00 என்றே தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று பிரிவு, ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையாமல். இதில் ஒன்று தவறினாலும் வீடியோவின் நேரப் பட்டையில் பிரிவு விழாது. "பிரிவு போட்டால் தாவிப் போய்விடுவார்களே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தாவ முடியாதவர் வெளியேறிவிடுவார், அதைவிடத் தாவுவது தேவலை.

டேக் (ஏற்றும்போது தனியாகச் சேர்க்கும் தேடல் சொற்கள்) பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஊர்ப்பெயரை மக்கள் தப்பாக எழுதும் விதங்களை மட்டும் போடுங்கள். ஹேஷ்டேக் மூன்று போதும், அறுபதைத் தாண்டினால் யூடியூப் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடும். வீடியோ மொழியைத் தமிழ் என்று குறியுங்கள். ஏற்காட்டுக்கு பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், ஸ்டுடியோவில் ஆங்கில, கன்னடத் தலைப்பைச் சேர்த்தால் அவர்கள் திரையில் அவர்கள் மொழியிலேயே தெரியும். "குழந்தைகளுக்கானது" என்பதைத் தவறி அழுத்திவிடாதீர்கள். கமெண்ட், எண்ட் ஸ்கிரீன் (முடிவில் அடுத்த வீடியோவைக் காட்டும் திரை) எல்லாம் போய்விடும். கடைக்காரர் காசு கொடுத்தோ பொருள் கொடுத்தோ எடுக்கச் சொன்னதென்றால், கட்டண விளம்பரக் கட்டத்தில் டிக் போடுவது விதி.

எண்ட் ஸ்கிரீன் கடைசி 5 முதல் 20 நொடிக்குள் வரும். அங்கே "அவ்வளவுதான் நண்பர்களே, நன்றி" என்றவுடன் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். பேச்சை நிறுத்தாமல், "குப்பனூர் ரோட்டுல கார்ல இறங்கும்போது ஒரு இடத்துல கவனமா இருக்கணும், அது இந்த வீடியோல" என்று அடுத்ததைக் கைகாட்டியபடியே முடியுங்கள்.

ஷார்ட்ஸ்

2024 அக்டோபர் 15 முதல் மூன்று நிமிடம் வரையிலான செங்குத்து வீடியோ ஷார்ட்ஸ் ஆகக் கணக்காகிறது. வியூஸ் சீக்கிரம் ஏறும், ஆனால் அந்தக் கூட்டம் நீள வீடியோவுக்குத் தானாக வராது. ஷார்ட்ஸின் டிஸ்கிரிப்ஷனிலும் கமெண்டிலும் போடும் இணைப்பை அழுத்த முடியாது. ஸ்டுடியோவில் "ரிலேட்டட் வீடியோ" என்ற இடத்தில் முழு வீடியோவைப் பிணைத்தால்தான் வழி திறக்கும். முழு வீடியோவிலிருந்து ஒரு கேள்வி, ஒரு பதில் மட்டும் வெட்டிப் போடுங்கள்.

வரைபடத்தைப் படிப்பது

வீடியோ ஓடவில்லை என்றால் "அல்காரிதம் சரியில்லை" என்பது பொதுவான புலம்பல். ஸ்டுடியோவில் மூன்று எண்களை இந்த வரிசையில் பாருங்கள், நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

முதலாவது இம்ப்ரெஷன், அதாவது தம்ப்நெயில் எத்தனை முறை காட்டப்பட்டது என்பது. தம்ப்நெயில் பாதிக்கு மேல் தெரிந்து ஒரு நொடிக்கு மேல் திரையில் இருந்தால் அது ஒன்று. இதுவே குறைவென்றால் தேடல் சொல் தவறு, அல்லது அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை. தம்ப்நெயிலை மாற்றிப் பயனில்லை.

இரண்டாவது, அதில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது. பாதிச் சேனல்கள் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக யூடியூப் சொல்கிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: வீடியோ பரவத் தொடங்கினால் உங்களைத் தெரியாதவர்களுக்கும் காட்டப்படும், அப்போது சதவீதம் இறங்கத்தான் செய்யும். இம்ப்ரெஷன் ஏறிச் சதவீதம் இறங்கினால் நல்ல செய்தி, கை வைக்காதீர்கள். இம்ப்ரெஷன் அப்படியே இருந்து சதவீதம் மட்டும் குறைவாக இருந்தால்தான் படத்தையோ தலைப்பையோ மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

மூன்றாவது, எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற கோடு. அரை நிமிடத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று தனியாகவே எழுதியிருக்கும். ஏற்காடு வீடியோவில் கோடு 2:45-இல் செங்குத்தாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்ப் பார்த்தால் வளைவுகளை இசை போட்டு இரண்டு நிமிடம் ஓட்டியிருப்பீர்கள். எடுத்தவருக்கு அழகு, பார்ப்பவருக்கு ரோடு. அதே கோடு 7:50-இல் மேடாக எழும்பினால், அங்கே சிலர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். வண்டி எங்கே நிறுத்துவது என்று நீங்கள் வேகமாகச் சொல்லிவிட்டுப் போன இடமாக இருக்கும். அடுத்த வீடியோவின் தலைப்பு அங்கே கிடக்கிறது. ஏற்கனவே ஏற்றிய வீடியோவில் அலுப்பான துண்டை ஸ்டுடியோ எடிட்டரிலேயே வெட்டலாம், வியூஸும் கமெண்டும் அப்படியே இருக்கும். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் எல்லாம் பூஜ்யத்திலிருந்து.

கைவைக்கக் கூடாதவை

"நீ எனக்கு, நான் உனக்கு" என்று சப்ஸ்கிரைபர் மாற்றிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுக்கள் யூடியூப் விதிக்கு விரோதம். அது ஒருபுறம் இருக்க, அப்படி வந்தவர்கள் உங்கள் வீடியோவைப் பார்ப்பதே இல்லை. எண்ணிக்கை மட்டும் கூடும். குடும்பக் குழுவில் இணைப்பைப் போடுவது தவறில்லை, ஆனால் பெரியம்மா திறந்து "நல்லாருக்கு கண்ணு" என்று எழுதிவிட்டுப் பத்தாவது நொடியில் மூடுவது உதவாது. அந்த இணைப்பைப் பயண விவரம் கேட்கும் குழுவில் போடுங்கள்.

பழைய சினிமாப் பாட்டை மலைச்சாலைக்குப் போட்டால் அழகாகத்தான் இருக்கும். "பத்து நொடி வரைக்கும் போடலாம்" என்று சொல்வது வெறும் வதந்தி. காப்புரிமை கோரல் வந்தால் அந்த வீடியோவின் விளம்பரப் பணம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், சில சமயம் வீடியோவே முடக்கப்படும். ஸ்டுடியோவின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. அதைவிட, காலையில் காப்பித் தோட்டத்தில் கேட்கும் பறவைச் சத்தத்தை நீங்களே பதிந்து போடலாம்.

வருமானத்தைப் பற்றி ஒரு வரி: முழு விளம்பரப் பங்குக்கு 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பொதுப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். சேலைக் கடைக்கும் கொலுசுக் கடைக்கும் அதற்கு முன்பே ஆர்டர் வரத் தொடங்கலாம், அதனால் கடை எண்ணை டிஸ்கிரிப்ஷனின் மூன்றாவது வரியில் வையுங்கள்.

பழைய வீடியோவைத் திரும்ப ஓட்டுவது

ஏற்காடு வீடியோ வருடத்துக்கு ஒரு முறை உயிர்பெறும். மார்ச் கடைசியில் அதைத் திறந்து, எது மாறியிருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்: எந்தச் சாலையில் வேலை நடக்கிறது, விழா நாட்களில் போக்குவரத்தை எப்படித் திருப்புகிறார்கள். அதை எழுதி முதல் கமெண்டாகப் பின் செய்யுங்கள். அதிலேயே கேள்விகள் விழத் தொடங்கும், இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது பதில் போடுங்கள். தலைப்பில் பழைய ஆண்டு எண் இருந்தால், உள்ளே சொன்ன தகவல் இன்றும் சரியாக இருந்தால் மட்டும் புதிதாக மாற்றுங்கள். சரியில்லை என்றால் புது வீடியோ எடுத்து, பழையதின் கார்டிலும் (வீடியோ ஓடும்போது மூலையில் வரும் இணைப்பு) எண்ட் ஸ்கிரீனிலும் அதைப் பிணைத்துவிடுங்கள். தேடி வருகிறவர் பழையதில் இறங்கினாலும் புதியதில் போய்ச் சேருவார்.